ரத்தப் புற்றுநோய் மாத்திரை: “ஒரு நாள் விட்டா என்ன ஆயிடும் டாக்டர்?”

1/
இது கொஞ்சம் நீளமான இழை. உங்க வீட்டிலோ தெருவிலோ யாராவது ரத்தப் புற்றுநோய்க்கு தினமும் மாத்திரை சாப்பிடுறாங்கன்னா, அவங்களுக்காகப் பொறுமையா படிங்க.

சேலம் அஸ்தம்பட்டியில் சாயங்காலம் கிளினிக் பார்க்கிறேன். நான் பொது மருத்துவர், புற்றுநோய் நிபுணர் கிடையாது. ஆனா பெரிய மருத்துவமனையில் புற்றுநோய்க்கு சிகிச்சை எடுக்கிறவங்களும், நடுவுல காய்ச்சல், வயித்துப்போக்கு, கால் குடைச்சல்னா பக்கத்துல இருக்கிற என்னை மாதிரி ஆட்கள்கிட்டதான் வருவாங்க. அப்படி வந்த ஒருத்தர் எனக்குக் கத்துக்கொடுத்த பாடம் இது. அவர் யாருன்னு தெரியக்கூடாதுங்கிறதுக்காக சில விவரங்களை மாத்தியிருக்கேன்.

2/
நாமக்கல் பக்கம் ஊர். லாரி டிரைவர். வயசு நாற்பதைத் தாண்டினவர். இடது பக்க வயிறு கல்லு மாதிரி கனக்குது, ரெண்டு வாய் சாப்பிட்டாலே வயிறு நிறைஞ்சிடுது, உடம்பு எளைச்சுக்கிட்டே போகுதுன்னு வந்தார். கை வெச்சுப் பார்த்தால் மண்ணீரல் தொப்புள் வரைக்கும் இறங்கியிருந்தது. ரத்தம் எடுத்துப் பார்த்தோம். வெள்ளை அணுக்கள் சாதாரணமா 4,000-லிருந்து 11,000 வரைக்கும் இருக்கணும். அவருக்கு 1,80,000.

அன்னைக்கே பெரிய மருத்துவமனைக்கு அனுப்பி வெச்சேன். நாள்பட்ட மைலாய்டு ரத்தப் புற்றுநோய், அதாவது சி.எம்.எல். என்று உறுதியாச்சு. இமாட்டினிப் 400 மி.கி., தினம் ஒண்ணு என்று எழுதிக் கொடுத்தாங்க.

3/
இது என்ன நோய்னு அவருக்குப் புரியுற மாதிரி அன்னைக்குச் சொன்னேன். உங்களுக்கும் அதையே சொல்றேன்.

எலும்பு மஜ்ஜையில் இருக்கிற ஒரு ரத்த செல்லில், 9-ஆம் குரோமோசோமின் ஒரு துண்டும் 22-ஆம் குரோமோசோமின் ஒரு துண்டும் இடம் மாறி ஒட்டிக்குது. அப்படி ஒட்டின இடத்தில் பிசிஆர்-ஏபிஎல் என்று ஒரு புது மரபணு உருவாகுது. அது உண்டாக்குற புரதம், செல்லைப் பார்த்து “பெருகு, பெருகு” என்று நிறுத்தாம கட்டளை போட்டுக்கிட்டே இருக்கும்.

“அண்ணே, ஆக்ஸிலேட்டர் ஒயர் மாட்டிக்கிட்ட வண்டி மாதிரி. இந்த மாத்திரைதான் பிரேக். ஒயரை இது சரி பண்ணாது. ஆனா பிரேக் மேல கால் இருக்கிற வரைக்கும் வண்டி நிக்கும்” என்றேன். “புரிஞ்சுதுங்க டாக்டர்” என்று தலையாட்டினார். அவருக்குப் புரிஞ்சுடுச்சுன்னு நானும் நம்பினேன்.

4/
இந்த மாத்திரையின் கதையையும் நாம தெரிஞ்சு வெச்சுக்கணும். அதில் நம்ம சென்னைக்கும் பங்கு இருக்கு.

சி.எம்.எல்.லில் ஒரு குரோமோசோம் வழக்கத்தைவிட சின்னதா இருப்பதை 1960-லேயே அமெரிக்காவின் பிலடெல்பியாவில் கண்டுபிடிச்சாங்க. அது இடம் மாறி ஒட்டின துண்டுதான் என்று 1973-ல் ஜேனட் ரவுலி காட்டினார். அந்தத் தவறான புரதத்தை மட்டும் குறிவெச்சுத் தடுக்கிற இமாட்டினிப் மாத்திரைக்கு 2001 மே மாதம் அமெரிக்காவில் அனுமதி கிடைச்சது. மருத்துவர் பிரையன் ட்ரூக்கர் இந்த மருந்தை நோயாளிகளிடம் கொண்டுவந்து சேர்த்ததில் முக்கியமானவர்.

அதுக்கு முன்னாடி, எலும்பு மஜ்ஜை மாற்று சிகிச்சை செய்ய வழியில்லாத பெரும்பாலானவங்களுக்கு இது சில வருஷங்களில் உயிரை எடுக்கிற நோய். இமாட்டினிப் எடுத்துக்கிட்டவங்களைப் பத்து வருஷத்துக்கும் மேல் தொடர்ந்து கவனிச்ச பன்னாட்டு ஆய்வின் முடிவு 2017-ல் வந்தது. பத்து வருஷ முடிவில் 83 சதவீதம் பேர் உயிரோடு இருந்தாங்க. வாயில் போட்டுத் தண்ணி குடிக்கிற ஒரு மாத்திரை செஞ்ச வேலை இது.

5/
ஆனா விலை? அந்த வழக்கு நடந்த காலத்தில் அசல் கம்பெனி மருந்து இந்தியாவில் மாசத்துக்கு சுமார் 1,20,000 ரூபாயா இருந்தது. இந்தியக் கம்பெனிகள் தயாரிச்ச அதே மருந்து அப்போ மாசத்துக்கு சுமார் 8,000-லிருந்து 12,000 ரூபாயா இருந்தது. நோவார்டிஸ் நிறுவனம் இங்கே காப்புரிமை கேட்டது. ஏழை நோயாளிகள் பலருக்கு அந்த நிறுவனம் இலவசமாவும் மருந்து கொடுத்தது, அதையும் சொல்லணும். ஆனா காப்புரிமை கிடைச்சிருந்தா இந்தியக் கம்பெனிகள் அந்த மாத்திரையைத் தயாரிக்க முடியாது.

மும்பையைச் சேர்ந்த கேன்சர் பேஷண்ட்ஸ் எய்டு அசோசியேஷன் எதிர்ப்பு மனு போட்டது. சில இந்தியக் கம்பெனிகளும் போட்டன. 2006 ஜனவரியில் சென்னை காப்புரிமை அலுவலகம் விண்ணப்பத்தை நிராகரிச்சது. இந்தியச் சட்டத்தின் 3(டி) பிரிவே செல்லாதுன்னு நிறுவனம் போட்ட வழக்கை 2007 ஆகஸ்டில் சென்னை உயர் நீதிமன்றம் தள்ளுபடி செஞ்சது. கடைசியா 2013 ஏப்ரல் 1 அன்று உச்ச நீதிமன்றமும் காப்புரிமை கிடையாதுன்னு சொல்லிடுச்சு.

அப்படிப் போராடி நம்ம கைக்கு எட்டின மாத்திரை இது. இன்னைக்கு இது நாட்டின் அத்தியாவசிய மருந்துகள் பட்டியலிலும் இருக்கு. விலையில் ஜெயிச்சோம். ஆனா அதே மாத்திரையை வீட்டு அலமாரியில் வெச்சுக்கிட்டுத் தோத்துக்கிட்டிருக்கோம். என் ஆதங்கம் அதுதான்.

6/
டிரைவர் அண்ணன் கதைக்கு வர்றேன். மூணு மாசத்தில் வெள்ளை அணு சரியாச்சு. மண்ணீரல் சுருங்கிடுச்சு. அந்தத் தப்பான மரபணு எவ்வளவு மிச்சம் இருக்குன்னு எண்ணிப் பார்க்கிற ரத்தப் பரிசோதனை ஒண்ணு இருக்கு. மூணு மாசத்தில் அது 10 சதவீதத்துக்குள், ஆறு மாசத்தில் 1 சதவீதத்துக்குள், ஒரு வருஷத்தில் 0.1 சதவீதத்துக்குள் வரணும் என்பது பொதுவான இலக்கு. முதல் ரெண்டையும் அவர் தாண்டிட்டார். மறுபடி வண்டி ஓட்டப் போயிட்டார்.

ஒரு வருஷம் தாண்டினதும் எண் ஏற ஆரம்பிச்சது. ரெண்டாவது பரிசோதனையிலும் ஏறியிருந்தது. “மருந்து வேலை செய்யலை போல. மரபணு மாறியிருக்கான்னு பார்க்கணும், அடுத்த கட்ட மாத்திரைக்குப் போக வேண்டியிருக்கும்” என்று பெரிய மருத்துவமனையில் எழுதிக் கொடுத்திருந்தாங்க. அந்தச் சீட்டோட என்கிட்ட வந்தார். கூட அவர் சம்சாரம், கையில் ஒரு துணிக்கடைப் பை.

7/
நான் வழக்கம்போல கேட்டேன்: “மாத்திரை ஒழுங்கா சாப்பிடுறீங்கதானே?”

“சாப்பிடுறேனுங்க.”

அந்த அம்மா ஒண்ணும் பேசலை. பையை மேசை மேல கவிழ்த்தாங்க. பாதி பாதியா பிரிச்ச மாத்திரை அட்டைகள். எண்ணிப் பார்த்தோம். அஞ்சு மாசத்தில் மட்டும் 52 மாத்திரை மிச்சம்.

அவர் ரொம்ப நேரம் தரையையே பார்த்துக்கிட்டிருந்தார். அப்புறம் மெதுவா சொன்னார்: “சாப்பாட்டோட போடச் சொன்னாங்க. லைன்ல போனா நமக்கு எங்கங்க சாப்பாட்டு நேரம்? வெறும் வயித்துல போட்டா கொமட்டுது. ராத்திரி வண்டில கால் தசை புடிச்சு இழுக்குது, கிளட்ச் மிதிக்க முடியல. வயித்தாலயும் போகுது. அதான் லோடு ஏத்தினா நிறுத்திக்கிறது, வீட்டுக்கு வந்தா போட்டுக்கிறது. உடம்பு நல்லாத்தானே இருந்துச்சு. ஓனருக்குத் தெரிஞ்சா வண்டி தரமாட்டார்னு பயம் வேற.”

8/
இதில் அவர் மேல எந்தக் கோபமும் எனக்கு வரலை. கோபம் என் மேலதான் வந்தது.

அந்த அஞ்சு மாசத்தில் அவர் என்னிடம் மூணு முறை வந்திருக்கார். மூணு முறையும் “ஒழுங்கா சாப்பிடுறீங்கதானே” என்றுதான் கேட்டேன். அது கேள்வியே இல்லை. பதிலையும் நானே சொல்லிக் கொடுத்துட்டுத் தலையை மட்டும் ஆட்டச் சொல்ற மாதிரி. “போன வாரம் எத்தனை மாத்திரை விட்டுப்போச்சு?” என்று கேட்டிருந்தால் அன்னைக்கே உண்மை வந்திருக்கும்.

ஒருவேளை அந்தப் பை வராமலே இருந்திருந்தால்? வேலை செஞ்சுக்கிட்டிருந்த ஒரு நல்ல மருந்தை “தோத்துப்போச்சு” என்று ஒதுக்கிட்டு, விலை கூடின, வேற பக்கவிளைவுகள் உள்ள மருந்துக்குப் போயிருப்பார். அதையும் லோடு ஏத்தும்போது நிறுத்தியிருப்பார்.

9/
இது ஒரு டிரைவரின் கதை மட்டும்னு நினைக்காதீங்க. அடையாறு புற்றுநோய் மருத்துவமனை 500-க்கும் மேற்பட்ட சி.எம்.எல். நோயாளிகளைக் கவனிச்சு 2011-ல் ஒரு ஆய்வு வெளியிட்டது. தகுந்த காரணமில்லாம ஒரு வாரத்துக்கு மேல் மாத்திரையை நிறுத்தினவங்க கிட்டத்தட்ட 30 சதவீதம். அஞ்சு வருஷம் கழிச்சுப் பார்த்தபோது, ஒழுங்கா சாப்பிட்டவங்களில் நோய் கட்டுக்குள் இருந்தது ஏறக்குறைய 77 சதவீதம் பேருக்கு. விட்டு விட்டு சாப்பிட்டவங்களில் 60 சதவீதம் பேருக்கு.

லண்டன் ஹேமர்ஸ்மித் மருத்துவமனையில் 2010-ல் வந்த ஆய்வு இன்னும் உறைக்கும். 87 பேருக்கு, திறக்கும்போதெல்லாம் நேரத்தைப் பதிவு செய்ற மூடி உள்ள டப்பாவில் மாத்திரை கொடுத்தாங்க. 90 சதவீதத்துக்கு மேல் மாத்திரை எடுத்தவங்களுக்கு ஆறு வருஷத்தில் நல்ல கட்டுப்பாடு கிடைக்கிற வாய்ப்பு 94.5 சதவீதம். 90-ம் அதுக்குக் கீழும் இருந்தவங்களுக்கு வெறும் 28.4 சதவீதம்.

90 சதவீதம்னா என்ன? மாசத்துக்கு மூணு மாத்திரை விட்டா 90. அவ்வளவுதான் இடைவெளி.

10/
இப்ப தலைப்பில் இருக்கிற கேள்விக்கு நேர்மையா பதில் சொல்றேன். ஒரு நாள் விட்டா என்ன ஆயிடும்?

ஒண்ணும் ஆகாது. அதுதான் ஆபத்து.

சர்க்கரை மாத்திரை விட்டா ரெண்டு நாளில் மெஷின் காட்டிடும். இன்ஹேலர் விட்டா மூச்சு காட்டிடும். இந்த மாத்திரையை ஒரு நாள் விட்டா உடம்பு வாயே திறக்காது. ஒரு வாரம் விட்டாலும் பெரும்பாலும் திறக்காது. தசைப்பிடிப்பும் குமட்டலும் குறைஞ்சு “அப்பாடா, நல்லா இருக்கே” என்றுகூட தோணும். உள்ளே அந்த செல்கள் மட்டும் சத்தமில்லாம பெருகும். பல மாசம் கழிச்சு அது தெரிய வரும்போது சில பேருக்குக் காலம் கடந்திருக்கும்.

அப்படிக் காலம் கடந்து வந்த ஒருத்தரையும் நான் பார்த்திருக்கேன். வெள்ளிக் கொலுசுப் பட்டறையில் வேலை செஞ்ச இளைஞர். கல்யாணப் பேச்சு நடக்குது, மாத்திரை சாப்பிடுறது வெளியே தெரியக்கூடாதுன்னு சொந்தக்காரங்க சொல்ல, வேரோட குணமாக்குறேன்னு யாரோ கொடுத்த பொடியை நம்பி எட்டு மாசம் நிறுத்திட்டார். திரும்பி வந்தபோது நோய் வேகமான கட்டத்துக்கு மாறியிருந்தது. அவரைக் காப்பாத்த முடியலை.

11/
சரி. பாதுகாப்பா எப்படி சாப்பிடுறதுன்னு வரிசையா சொல்றேன். இது இமாட்டினிப் மாத்திரைக்கு. அளவும் நேரமும் உங்க மருத்துவர் சொன்னதுதான் இறுதி.

முதல்ல, சாப்பாட்டோட போடணும். வெறும் டீ, ரெண்டு பிஸ்கட் போதாது. இட்லியோ சோறோ களியோ, வயிறு நிறைய சாப்பிட்டுட்டு ஒரு பெரிய டம்ளர் தண்ணியோட முழுங்குங்க. இந்த மாத்திரை வயித்தை எரிச்சல் படுத்தும், குமட்டல் வர்றதே அதனாலதான். போட்ட உடனே படுக்கக்கூடாது, ஒரு மணி நேரமாவது நிமிர்ந்து இருங்க.

காலையில் ஒத்துக்கலைன்னா, மருத்துவர்கிட்ட சொல்லிட்டு மதியத்துக்கோ ராத்திரிக்கோ மாத்திக்கலாம். எந்த நேரமா இருந்தாலும் தினமும் அதே நேரம். உங்க நாளில் எந்த வேளைச் சாப்பாடு தப்பவே தப்பாதோ, அந்த வேளையைத் தேர்ந்தெடுங்க.

12/
மாத்திரையைப் பொடி பண்ணாதீங்க. முழுங்கவே முடியலைன்னா தண்ணியில் கரைச்சுக் குடிக்கலாம். 400 மி.கி. மாத்திரைக்கு சுமார் 200 மி.லி., 100 மி.கி. மாத்திரைக்கு சுமார் 50 மி.லி. தண்ணி. ஸ்பூனால் கலக்கி, கரைஞ்ச உடனே குடிச்சிடணும். கரைச்சு வெச்சுட்டு அப்புறமா குடிக்கிறது கூடாது.

வீட்டில் கர்ப்பமா இருக்கிறவங்க உடைஞ்ச மாத்திரையைத் தொட வேண்டாம். மாத்திரை எடுத்துக் கொடுக்கிறவங்க கையை சோப்பு போட்டுக் கழுவுங்க. குழந்தைங்க கைக்கு எட்டாத இடத்தில் வைங்க.

13/
மறந்துட்டா? அன்னைக்கே கொஞ்ச நேரத்தில் ஞாபகம் வந்தா, சாப்பிட்டுட்டுப் போட்டுக்கலாம். அடுத்த வேளை நெருங்கிடுச்சுன்னா விட்டதை விட்டுடுங்க. விட்டதுக்கும் சேர்த்து ரெண்டா போடக்கூடாது. போட்டதும் வாந்தி வந்துட்டாலும் மறுபடி ஒண்ணு போடாதீங்க, அடுத்த வேளைக்குத் தொடருங்க. வாந்தி தினமும் வந்தா மருத்துவரைப் பாருங்க, அதை நிறுத்த மருந்து இருக்கு.

எத்தனை மாத்திரை விட்டுப்போச்சுன்னு காலண்டரில் குறிச்சு வைங்க. டெய்லி காலண்டர் கிழிக்கிற பழக்கம் நம்ம ஊரில் இன்னும் இருக்கே. மாத்திரை போட்டுட்டுத்தான் தாளைக் கிழிக்கணும்னு வீட்டில் ஒரு சட்டம் போடுங்க.

14/
மில்லிகிராம் பாருங்க. இது ரொம்ப முக்கியம். இமாட்டினிப் 100 மி.கி.யிலும் வருது, 400 மி.கி.யிலும் வருது. 100 மி.கி. மாத்திரை நாலு சாப்பிட்டுப் பழகினவர் கையில் 400 மி.கி. அட்டை வந்தால், அதையும் நாலு போட்டுடக்கூடாது. ஒவ்வொரு தடவை மருந்து வாங்கும்போதும் அட்டையில் மருந்தின் பெயர், மில்லிகிராம், காலாவதி தேதி மூணையும் பாருங்க. எழுத்து தெரியலைன்னா மருந்துக்கடைக்காரரையே படிக்கச் சொல்லுங்க.

கம்பெனி மாறி, மாத்திரை நிறம் மாறி வந்தா பயந்து நிறுத்திடாதீங்க. பெயரும் அளவும் அதேதானான்னு கேட்டு உறுதி பண்ணிக்கிட்டுத் தொடருங்க.

15/
வெயில். 30 டிகிரிக்குக் கீழே வைக்கணும்னு சொல்ற மருந்து இது. நம்ம ஊர் சித்திரை வெயிலில் பூட்டின வண்டியின் டேஷ்போர்டும் பைக் பெட்டியும் அடுப்பு மாதிரி. அங்கே மாத்திரை வைக்காதீங்க. சட்டைப் பைக்கும் வேண்டாம். சாப்பாட்டுப் பையில், அட்டையோட, நிழலில் இருக்கட்டும். பயணம் போனா போற நாளைவிட அஞ்சு நாளைக்குக் கூடுதலா எடுத்துக்கோங்க. லோடு இறக்க எத்தனை நாள் காத்துக் கிடக்கணும்னு யாருக்குத் தெரியும்?

16/
பழம். என்கிட்ட அடிக்கடி வர்ற கேள்வி: “ஏற்காட்டு ஆரஞ்சு சாப்பிடலாமா டாக்டர்?” நாம சாதாரணமா உரிச்சு சாப்பிடுற கமலா ஆரஞ்சு, சாத்துக்குடிக்குப் பயப்பட வேண்டாம். மாம்பழத்துக்கும் தடையில்லை, சர்க்கரை வியாதி இருந்தா அது தனிக் கணக்கு.

ஒதுக்க வேண்டியது கிரேப்ஃப்ரூட். பெயரில் கிரேப் இருந்தாலும் திராட்சை இல்லை, இது பெரிய எலுமிச்சை இனப் பழம். அதே குடும்பத்து பம்பளிமாஸும் வேண்டாம். மருந்தை உடைக்கிற நொதியை இவை தடுத்துடும். ரத்தத்தில் மருந்து அளவு கூடிப்போய் பக்கவிளைவு அதிகமாகும்.

17/
மத்த மருந்துகள். இங்கேதான் என்னை மாதிரி பொது மருத்துவர்களும் மருந்துக்கடைகளும் தப்பு பண்ற இடம். அதனால சளி, காய்ச்சலுக்குப் போனாலும் “நான் இமாட்டினிப் சாப்பிடுறேன்” என்று முதல் வாக்கியத்திலேயே சொல்லிடுங்க. அட்டையைக் காட்டுங்க.

மருந்து அளவைக் கூட்டிடுறவை: கிளாரித்ரோமைசின் போன்ற சில ஆன்டிபயாடிக்குகள், படர்தாமரைக்கு நாம சர்வ சாதாரணமா எழுதுற இட்ராகோனசோல், கீட்டோகோனசோல் மாத்திரைகள்.

குறைச்சிடுறவை: வலிப்பு நோய்க்கான ஃபெனிட்டாய்ன், கார்பமாசெபின், காசநோய்க்கான ரிஃபாம்பிசின். ரிஃபாம்பிசின் இமாட்டினிப் அளவை மூணில் ரெண்டு பங்குக்கும் மேல் குறைச்சிடும். காசநோய் மருந்து ஆரம்பிச்சா அன்னைக்கே ரத்தநோய் மருத்துவருக்குச் சொல்லணும்.

ரத்தம் உறையாம இருக்க வார்ஃபரின் சாப்பிடுறவங்க, கொழுப்புக்கு சிம்வாஸ்டேட்டின் சாப்பிடுறவங்க, தைராய்டு சுரப்பியை எடுத்துட்டுத் தைராக்ஸின் சாப்பிடுறவங்க: உங்க மருத்துவருக்கு இது தெரியுமான்னு உறுதி பண்ணிக்கோங்க. வலி மாத்திரையைக் கடையில் கேட்டு வாங்கிப் போடாதீங்க, தட்டணுக்கள் குறைஞ்சிருந்தா ரத்தக்கசிவு வரும். பாராசிட்டமாலும் அளவு கேட்டுத்தான்.

என்ன கலந்திருக்குன்னு எழுதாத எந்தப் பொடியும் லேகியமும் வேண்டாம்.

18/
பக்கவிளைவு எதைக் கண்டு பயப்பட வேண்டாம்? காலையில் கண்ணைச் சுத்தி வீக்கம், தசைப்பிடிப்பு, லேசான குமட்டல், வயித்துப்போக்கு. இவை சகஜம், இதுக்கெல்லாம் வைத்தியம் உண்டு. நிறைய பேருக்குத் தோல் நிறம் வெளுக்கும். ஊரில் “என்னப்பா கலராயிட்ட” என்பாங்க. சிரிச்சுட்டுப் போங்க, மருந்து செய்ற வேலை அது.

எதுக்கு உடனே ஓடணும்? 100.4 டிகிரிக்கு மேல் காய்ச்சல். ஈறு, மூக்கு, மலத்தில் ரத்தம். கண் மஞ்சளாவது. மூச்சுத் திணறல். ஒரு வாரத்தில் ரெண்டு கிலோ ஏறுவது, அது சதை இல்லை, உடம்பில் கோக்கிற தண்ணி. கடுமையான வயித்துவலி. உடம்பெல்லாம் தடிப்பு.

ரத்த அணுக்கள் ரொம்ப இறங்கினா மருத்துவரே சில நாள் நிறுத்தச் சொல்வார். அப்படி நிறுத்துறது வைத்தியம். நீங்களா நிறுத்துறது விபத்து.

19/
குழந்தை பெறும் வயதில் உள்ள பெண்கள்: இந்த மாத்திரை சாப்பிடும்போது கர்ப்பம் தரிக்கக்கூடாது, கருவைப் பாதிக்கும். கருத்தடை அவசியம். தாய்ப்பாலும் கொடுக்கக்கூடாது. குழந்தை வேணும்னு ஆசைப்பட்டா, ரகசியமா மாத்திரையை நிறுத்தாதீங்க. நேரா மருத்துவர்கிட்ட சொல்லுங்க. திட்டமிட்டுச் செய்ய வழிகள் இருக்கு. மாமியார் வீட்டுக்குப் பயந்து மறைச்சு, நோயை முத்தவிடுறது மட்டும் வேண்டாம்.

20/
அடுத்தவர் விதியை உங்களுக்குப் பொருத்தாதீங்க. அதே நோய்க்கு நிலோட்டினிப் என்று ஒரு மாத்திரை இருக்கு. அதை வெறும் வயித்துல போடணும், முன்னாடி ரெண்டு மணி நேரமும் பின்னாடி ஒரு மணி நேரமும் சாப்பிடக்கூடாது. டாசாட்டினிப் சாப்பிடுறவங்க அல்சர் மாத்திரையைக் கேட்காம போடக்கூடாது, மருந்து உடம்பில் சேராது.

குழந்தைங்களுக்கு வர்ற வேற வகை ரத்தப் புற்றுநோயில் மெர்கேப்டோப்யூரின் தினமும், மெத்தோட்ரெக்சேட் வாரத்துக்கு ஒரு நாள் மட்டும் என்று எழுதுவாங்க. வாரம் ஒரு நாள் போட வேண்டியதைத் தினமும் போட்டா உயிருக்கே ஆபத்து. எந்தக் கிழமைன்னு டப்பா மேல பெரிய எழுத்தில் எழுதி ஒட்டுங்க.

21/
“எத்தனை வருஷம் சாப்பிடணும் டாக்டர்?” பெரும்பாலானவங்களுக்கு நீண்ட காலம், பல பேருக்கு ஆயுசு முழுக்க. பல வருஷம் சாப்பிட்டு, அந்த மரபணு தேடினாலும் கிடைக்காத அளவுக்கு ஆழமா இறங்கின நிலை நீடிச்சவங்களுக்கு, நிபுணரின் கண்காணிப்பில், அடிக்கடி ரத்தம் பார்த்துக்கிட்டு நிறுத்திப் பார்க்கிற முறை இருக்கு. அதிலும் ஏறக்குறைய பாதிப் பேருக்கு நோய் திரும்பும், பெரும்பாலும் முதல் ஆறு மாசத்துக்குள். உடனே கண்டுபிடிச்சு மறுபடி ஆரம்பிக்கிறதால அவங்க தப்பிக்கிறாங்க. வீட்டில் நீங்களா நிறுத்தினா கண்டுபிடிக்க யார் இருக்கா?

அதனால மாத்திரை மாதிரியே பரிசோதனையையும் விடாதீங்க. ஆரம்பத்தில் ரத்த அணுக்கள் எண்ணிக்கை அடிக்கடி. பிசிஆர்-ஏபிஎல் அளவு மூணு மாசத்துக்கு ஒரு முறை, பிறகு மருத்துவர் சொல்றபடி.

22/
காசு இல்லைன்னு மாத்திரையை ஒரு நாள் விட்டு ஒரு நாள் போடுறவங்க இருக்காங்க. தயவுசெய்து வேண்டாம். முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் உங்களுக்குக் கிடைக்குமான்னு சிகிச்சை எடுக்கிற மருத்துவமனையின் காப்பீட்டுப் பிரிவில் கேளுங்க. சேலம் அரசு மோகன் குமாரமங்கலம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் கேட்டுப் பாருங்க. வேற கம்பெனியின் விலை குறைஞ்ச அதே மருந்து எழுத முடியுமான்னு மருத்துவர்கிட்ட கேளுங்க. கேட்கிறதுல வெட்கம் ஒண்ணும் இல்லை.

23/
சக மருத்துவர்களுக்கும் மருந்துக்கடை நண்பர்களுக்கும் என் கோரிக்கை ஒண்ணே ஒண்ணு. “ஒழுங்கா சாப்பிடுறீங்களா?” என்று கேட்கிறதை நிறுத்துவோம். “போன வாரம் எத்தனை விட்டுப்போச்சு? ஏன் விட்டீங்க?” என்று கேட்போம். மாத்திரை அட்டையை வாங்கி எண்ணுவோம். விட்டேன்னு சொல்றவரைத் திட்டாம இருப்போம். திட்டினா அடுத்த தடவை பொய்தான் வரும், அந்தப் பொய்யை நம்பி நாம மருந்தை மாத்துவோம்.

மாத்திரை விடுறதை ஒழுக்கக்கேடு மாதிரி பார்க்கிறோம். அது பல நேரம் வேலை, பசி, பயம், பக்கவிளைவு. அந்த நாலையும் கேட்டுத் தீர்க்கிறதும் வைத்தியம்தான் என்பது என் கருத்து.

24/
டிரைவர் அண்ணன் என்ன ஆனார்? நடந்ததை ஒளிக்காம எழுதி, அந்தக் கடிதத்தோட பெரிய மருத்துவமனைக்கு அனுப்பினேன். மருந்தை மாத்துறதுக்கு முன்னாடி மூணு மாசம் ஒழுங்கா சாப்பிட்டுப் பார்க்கலாம்னு சொன்னாங்க. தசைப்பிடிப்புக்கும் குமட்டலுக்கும் வைத்தியம் பண்ணினோம். லைனில் இருந்தா மதியம் எப்ப சாப்பிடுவார்னு நிச்சயமில்லை, ஆனா ராத்திரி எட்டரைக்கு வண்டியை ஓரம் கட்டிச் சாப்பிடாம இருக்க மாட்டாராம். அதனால மாத்திரை ராத்திரிச் சாப்பாட்டுக்கு மாறிச்சு. கூட வர்ற டிரைவர்கிட்ட மட்டும் விஷயத்தைச் சொல்லிட்டார். எட்டரைக்கு அந்த அம்மா போன் பண்ணுவாங்க: “சாப்பிட்டீங்களா? போட்டீங்களா?”

எண் இறங்க ஆரம்பிச்சது. இன்னும் 0.1-க்குக் கீழே வரலை, ஆனா இறங்கிக்கிட்டிருக்கு. ஒவ்வொரு முறையும் அந்தத் துணிக்கடைப் பை என் மேசைக்கு வருது. போன மாசம் மிச்சம் ஒண்ணு. “ஒண்ணுதாங்க விட்டுப்போச்சு, எழுதி வெச்சிருக்கேன்” என்று அவரே சொன்னார்.

25/
இதைப் படிக்கிறவங்களில் யாருக்காவது இந்த நோய் இருந்தா, இன்னைக்கு ராத்திரி ஒரே ஒரு வேலை செய்யுங்க. மாத்திரை அட்டையை எடுத்து எண்ணுங்க. கணக்குக்கு மேல மிச்சம் இருந்தா யார்கிட்டயும் மறைக்காதீங்க. அதே அட்டையை அப்படியே எடுத்துக்கிட்டு உங்க மருத்துவர்கிட்ட போங்க.

இந்த நோய் இல்லாதவங்க, தெரிஞ்சவங்களுக்கு அனுப்பி வைங்க.


அஸ்தம்பட்டி, சேலம்.